புது மேசையைப் பழசாக்குவது எப்படி: தேய்ந்த பெயிண்ட் வேலைக்கு முழுமையான வழிகாட்டி

குற்றாலம், தென்மலை பக்கம் வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றுகிறவர்கள் இப்போது கேட்பது ஒரே மாதிரி சாமான்தான்: பெயிண்ட் அங்கங்கே தேய்ந்து, உள்ளே இன்னொரு நிறமும் அதற்கும் உள்ளே மரமும் தெரிகிற பெஞ்சு, மேசை, அலமாரி. செங்கோட்டையில் மரத்துக்குப் பஞ்சமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் வரை போனால் வீடு பிரித்த பழைய சாமான்களும் கிடைக்கும். அதனால் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நிறையப் பேர் வருகிறார்கள். வந்ததும் கையில் எடுப்பது உப்புத்தாள். அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது. உப்புத்தாள் வேலை பாதிக்கு மேல் போன பிறகுதான் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் தேய்த்தால், கிடைப்பது பழைய சாமான் அல்ல, கெட்டுப்போன புதுச் சாமான்.

எல்லாப் படிக்கும் அடியில் இருப்பது ஒரே விதி. தேய்ந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். கை பட்டது, கால் பட்டது, துடைப்பம் இடித்தது, ஈரத்தரையில் நின்றது, இப்படி ஏதாவது ஒன்று. காரணமில்லாத இடத்தில் பெயிண்ட் போயிருந்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு உறுத்தும். என்ன உறுத்துகிறது என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

ஒரு பெஞ்சுக்கு, காய விடும் நேரத்தையும் சேர்த்து, வெயில் காலத்தில் ஐந்தாறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கை வேலை அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் காத்திருப்பது.

1. எந்தச் சாமானில் செய்யலாம், எதில் கூடாது

ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) செய்யாதீர்கள். பழைய நல்ல தேக்கிலும் வேண்டாம். அந்த மரங்களைச் சுத்தம் செய்து பாலிஷ் ஏற்றினாலே போதும். பெயிண்ட் அடித்தால் விலையும் போகும், மனசும் ஆறாது. வீட்டுக்காரர் பிடிவாதமாகக் கேட்டால், "ஒரு வாரம் யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்று அனுப்பிவிடுவது என் வழக்கம்.

ரப்பர் மரம், மகாகனி, அயினி, பலா, ஒட்டுப்போட்ட தேக்கு ஆகியவை இந்த வேலைக்குத் தோதானவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ரப்பர் மரம் வெளுப்பாக இருக்கும், பூச்சி சீக்கிரம் பிடிக்கும். பலாவும் அயினியும் மஞ்சள் சாயம் கக்கும். மேலே வெள்ளை எமல்ஷன் அடித்தால் அந்த மஞ்சள் ஊறி வெளியே வரும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. பழுப்புக் கறையும் விடும்.

பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பக்கம் போகவே வேண்டாம். பிளைவுட் ஓரத்தைத் தேய்த்தால் அடுக்கடுக்காகக் கோடு தெரியும். அது பழைய மரம் என்று யாரையும் நம்பவைக்க முடியாது.

2. நாள் பார்ப்பது

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இடவப்பாதி மழை தொடங்கினால் இந்தப் பக்கம் சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று ஈரத்தோடு வரும். அந்த நாளில் தண்ணீர் கலந்த பெயிண்ட் மேலே காய்ந்த மாதிரி இருந்து உள்ளே பச்சையாகவே நிற்கும். தேய்த்தால் பொடியாக வராமல் சுருண்டு சுருண்டு வரும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடித்தால் ஈரக்காற்று பட்டுப் பால் போல வெளுத்துவிடும்.

ஜனவரி முதல் மே வரை நல்ல காலம். அதிலும் சித்திரை வெயிலில் முற்றத்தில் வைத்து அடிக்காதீர்கள். பிரஷ் போன வழியிலேயே பெயிண்ட் இறுகி, கோடு கோடாக நிற்கும். தாழ்வாரமோ தகரக் கொட்டகையோ போதும். காற்று போய் வர வேண்டும், வெயில் நேராக விழக் கூடாது.

சாரலில் செய்தே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு பூச்சுக்கும் காயும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். அடைத்த அறையில் மின்விசிறியைச் சாமான் மேல் நேராகத் திருப்பாமல் சுவரைப் பார்த்து ஓடவிடுங்கள். இன்னொன்று: சாரல் காலத்தில் மரம் உப்பி இருக்கும். அப்போது இறுகி நிற்கிற டிராயரை இழைத்துவிட்டால் பங்குனியில் அது லொடலொடவென்று ஆடும். இழைக்கிற வேலையை வறண்ட காலத்துக்குத் தள்ளிவையுங்கள்.

3. முன்கூட்டியே வாங்கி வைப்பவை

பாதி வேலையில் கடைக்கு ஓடுவது இந்த வேலைக்கு ஆகாது. சில படிகளில் நேரம்தான் எல்லாம். உப்புத்தாள் 120, 220, 320 நம்பர்களில் வேண்டும். 80 நம்பர் தாள் பழைய பெயிண்டை உரிக்க மட்டும். ஒன்றரை இஞ்சு, இரண்டு இஞ்சு பிரஷ் தலா ஒன்று. அதோடு முடி உதிர்ந்த பழைய பிரஷ் ஒன்று, அழுக்கு ஏற்ற. வெள்ளை மெழுகுவர்த்தி. பாலிஷ்காரர்கள் வாங்கும் ஸ்பிரிட், அரக்குச் செதில். எமல்ஷன் இரண்டு நிறம், மினுங்காத மேட் ரகம். பர்ன்ட் அம்பர் ஸ்டெயினர் (பெயிண்டில் கலக்கும் கரும்பழுப்பு நிறம்). சாக் பவுடர். தண்ணீர் கலந்த மேட் கிளியர். டர்பன்டைன், பழைய பனியன் துணி, என் 95 மாஸ்க்.

சாக் பவுடருக்குப் பதில் வீட்டிலிருக்கும் சுண்ணாம்பைக் கலக்கிறவர்கள் உண்டு. கலக்காதீர்கள். சுண்ணாம்பின் காரம் பட்டால் தேக்கு, பலா போன்ற மரங்கள் கறுத்துப்போகும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மாதிரிப் பலகை வேண்டும். அதே மரத்தில் ஒரு முழம் துண்டு. சாமானில் செய்யும் ஒவ்வொரு படியையும் அதில் ஒரு படி முன்னால் செய்து பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தண்டச் செலவு என்று நினைக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் நிறத்துக்கு ஒப்புதல் வாங்கவும் இந்தப் பலகைதான் உதவும். படம் பார்த்துச் சொன்ன நிறமும் நேரில் விழும் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை.

4. ஏற்கெனவே என்ன பூச்சு இருக்கிறது

புது மரமென்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். பழைய சாமானென்றால் இதுதான் முதல் வேலை.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் அரை நிமிடம் வைத்துத் தேயுங்கள். பிசுபிசுவென்று பழுப்பாக வந்தால் அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. இரண்டுக்கும் அசையாவிட்டால் எனாமலோ, மெலமைனோ, பி.யு.வோ (பாலியூரிதேன்) இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்வது எதற்கென்றால், வழவழப்பான எண்ணெய்ப் பூச்சின் மேல் தண்ணீர் கலந்த பெயிண்ட் பிடிக்காது. நகத்தால் கீறினாலே தோலாக உரியும். அப்படிப்பட்ட பூச்சை 120 தாளால் மினுக்கம் போகும்வரை தேய்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எனாமல், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து, தண்ணீருக்குத் தாங்கும் தாளால் தேய்த்து, ஈரத்துணியால் வழித்தெடுங்கள். மாஸ்க் கட்டாயம். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம். கிரைண்டரில் தாள் மாட்டித் தேய்க்கிறார்கள் சிலர். ஈயப் பெயிண்டில் அதைவிட மோசமான காரியம் இல்லை.

5. கழற்றுவது, கழுவுவது, பூச்சி பார்ப்பது

கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கீலைக் கழற்றாமல் சுற்றிப் பெயிண்ட் அடித்தால் பெயிண்ட் கீலுக்குள் இறங்கி, கதவு கிறீச்சிடும். எந்தக் கீல் எந்தக் கதவுக்கு என்று உள்பக்கம் பென்சிலால் எண் போடுங்கள். பழைய சாமானில் ஒரு கீல் மாதிரி இன்னொன்று இருக்காது.

சோப்புத் தண்ணீரில் துணியைப் பிழிந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். சமையலறையிலிருந்து வந்த சாமானென்றால் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். தேக்கை மட்டும் கடைசியாக ஒரு முறை தின்னர் துணியால் துடையுங்கள்.

சாமானை ஒரு வெள்ளைத் தாளின் மேல் இரவு முழுக்க நிறுத்திவையுங்கள். காலையில் தாளில் மாவு மாதிரி தூள் விழுந்திருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. மரப்பூச்சி மருந்தை ஊசியால் துளைக்குள் ஏற்றி, பாலித்தீனால் சுற்றி, கடைக்காரர் சொன்ன நாள்வரை மூடிவையுங்கள். பூச்சியை விட்டுவிட்டு மேலே அழகு பார்த்தால், ஆறு மாதத்தில் வீட்டுக்காரர் போன் பண்ணுவார்.

6. தேய்மானத்தைச் சாக்பீஸால் குறிப்பது

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இது. முழு வேலையும் நிற்பது இதன் மேல்தான்.

சாமானைத் தரையில் வைத்து, அதை அன்றாடம் புழங்குவது போலப் புழங்குங்கள். பெஞ்சென்றால் உட்காருங்கள், எழுந்திருங்கள். எழும்போது கை எங்கே ஊன்றுகிறது? முன் விளிம்பில், நடுவில் அல்ல, இரண்டு ஓரத்துக்கும் கொஞ்சம் உள்ளே. அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். கால் எங்கே படுகிறது? குறுக்குச் சட்டத்தின் மேல்பக்கம். கீழ்ப்பக்கத்தில் படவே படாது. அலமாரியென்றால் கதவைப் பத்து முறை திறந்து மூடுங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் விரல் உரசும் இடம், மூடும்போது உள்ளங்கை அழுத்தும் இடம் இரண்டும் வேறு வேறு. கால்களின் அடியில் நாலு விரல் உயரம்வரை துடைப்பமும் ஈரத்துணியும் பட்டுப் பெயிண்ட் போயிருக்கும். மேசையின் முன் விளிம்பு தேயும், சுவரைப் பார்த்த விளிம்பு தேயாது.

கடைசல் காலின் பள்ளங்கள், சட்டம் சேரும் மூலைகள், பலகைக்குள் இறங்கிய பூ வேலை, இங்கெல்லாம் பெயிண்ட் அப்படியே நிற்கும். தேய்வதற்குப் பதில் அழுக்கு சேரும். புதியவர்கள் பூ வேலையைத்தான் முதலில் போய்த் தேய்க்கிறார்கள், கண்ணுக்கு எடுப்பாக இருக்கிறது என்று. கை படாத இடம் எப்படித் தேயும்?

குறித்து முடித்ததும் கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிகளில் சாக்பீஸ் அழிந்துவிடும். இரு பக்கமும் ஒரே அளவில் குறித்திருந்தால் ஒரு பக்கத்தைக் குறையுங்கள். சாமானைப் புழங்குகிறவர்களில் வலக்கைக்காரர்களே அதிகம்.

7. அடியும் வெட்டும்

மரத்தில் விழும் காயங்களைப் பெயிண்டுக்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு சங்கிலியால் அடித்தால் பள்ளத்துக்குள் வெறும் மரம் வெளுப்பாகத் தெரியும், நேற்று அடித்தது என்று அதுவே சொல்லிக்கொடுத்துவிடும். முன்னால் அடித்தால் பள்ளத்துக்குள் பெயிண்ட் இறங்கும், பிறகு அதன் மேல் அழுக்கு சேரும். பழைய சாமானில் நடப்பதும் இந்த வரிசையில்தான்.

சாவிக்கொத்து, சைக்கிள் செயின், சுத்தியலின் ஓரம், கூழாங்கல் நாலும் போதும். ஒரே கருவியால் ஒரே மாதிரி அடிக்காதீர்கள். விளிம்பின் கூர்மையை 120 தாளால் உடையுங்கள், குறித்த இடத்தில் கூடுதலாக. பூச்சித் துளை வேண்டுமென்றால் குத்தூசியால் மூன்று நாலு துளை ஓர் இடத்தில் நெருக்கமாக, பிறகு தள்ளி ஒன்று. வரிசையாகக் குத்தினால் ஆணி பிடுங்கின தடம் போலிருக்கும். என்னைக் கேட்டால் துளையே வேண்டாம். பார்க்கிறவர் பூச்சி என்று நினைத்து வாங்காமல் போவதுதான் அதிகம்.

முடிந்ததும் 220 தாளால் முழுச் சாமானையும் ஒரு முறை வருடி, தூளைத் துடையுங்கள்.

8. மரத்தின் நிறத்தை இறக்குவது

ரப்பர் மரத்தில் பெயிண்ட் அடித்துத் தேய்த்தால் உள்ளே தெரிவது வெளுத்த புது மரம். எத்தனை அழகாகத் தேய்த்தாலும் அது புதிதுதான். ஆகவே பெயிண்டுக்கு முன்னால் மரத்தைக் கறுக்கவைக்க வேண்டும்.

எளிய வழி, கடையில் கிடைக்கும் வால்நட் நிற மர ஸ்டெயின். துணியில் தொட்டு நார் போகும் திசையில் ஏற்றி, சில நிமிடத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். ஸ்டெயின் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். எண்ணெய்க் கலப்புள்ள துணி குவியலில் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்து வெளியே காயப்போட்டு, பிறகு எறியுங்கள்.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. இரும்பு நாரை வினிகரில் ஓரிரு நாள் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பாத்திரத்தை இறுக மூடாதீர்கள், உள்ளே வாயு சேரும். ரப்பர் மரத்தில் துவர்ப்புச் சத்து குறைவு. எனவே முதலில் கெட்டியான டீத்தூள் கசாயத்தைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் இந்த வினிகர்த் தண்ணீரைப் பூசுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் சாம்பல் கலந்த கறுப்பாக மாறும். மழையில் கிடந்த மரத்தின் நிறம் அதுதான். தேக்குக்குக் கசாயம் தேவைப்படாது. மாதிரிப் பலகையில் பார்க்காமல் இதைச் சாமானில் தொடாதீர்கள். எவ்வளவு கறுக்கும் என்பது ஒவ்வொரு மரத்துக்கும் வேறுபடும்.

நிறம் ஏறிக் காய்ந்த பிறகு அரக்கு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 250 கிராம் செதில் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதும். இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, பூசுங்கள். ஒரு மணி நேரம் இடைவெளி. தேக்கின் பழுப்பும் பலாவின் மஞ்சளும் மேலே ஏறாமல் தடுக்கும் சுவர் இதுதான். எண்ணெய்ப் பூச்சின் மேலும் ஒட்டும், தண்ணீர் பெயிண்டையும் ஒட்டவைக்கும். இன்னொரு பயனும் உண்டு: பின்னால் பெயிண்டைத் தேய்க்கும்போது தாள் அரக்கில் கொஞ்சம் வழுக்கும், ஸ்டெயினைத் தாண்டி வெள்ளை மரத்துக்குப் போய்விடாது. ஸ்பிரிட் இருக்கும் இடத்தில் பீடியும் அடுப்பும் கூடாது.

9. அடி நிறம்

தேய்த்தால் இரண்டாவதாகத் தெரிவது இது. மேல் நிறத்தைவிடக் கறுப்பானதோ, அதற்கு எதிரானதோ இருக்கட்டும். மேலே வெள்ளை என்றால் அடியில் மங்கிய பச்சையோ சாம்பல் நீலமோ. இந்தப் பக்கத்து பழைய வீட்டு ஜன்னல்களில் பச்சை அதிகம் பார்த்திருப்பீர்கள். அதனால் பச்சைக்கு மேல் பால்வெள்ளை நம்மூரில் இயல்பாகத் தெரியும். எந்த நிறமானாலும் பர்ன்ட் அம்பர் சில சொட்டு விட்டு மங்கவையுங்கள். டின்னிலிருந்து வந்த நிறம் பளீரென்று இருக்கும்.

ஒரு கைதான், மெல்லிசாக. முழுச் சாமானிலும் அடிக்க வேண்டியதில்லை, குறித்த இடங்களிலும் சுற்றி ஒரு சாணும் போதும். நாலு மணி நேரம் காயட்டும்.

10. மெழுகு

மெழுகுவர்த்தியைக் குறித்த விளிம்புகளில் மட்டும் அழுத்தித் தேயுங்கள். மெழுகு பட்ட இடத்தில் மேல் பெயிண்ட் பிடிக்காது, பிறகு சுரண்டினால் உரிந்து வரும். தாளால் தேய்த்த இடம் வழுக்கிக்கொண்டு மங்கும்; மெழுகால் உரிந்த இடத்துக்குக் கிழிந்த கரை இருக்கும். இரண்டும் கலந்திருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

அடி நிறத்துக்கு முன்னாலும் இரண்டொரு இடத்தில் மெழுகு போட்டால் அங்கே நேராக மரமே தெரியும். எங்கே போட்டோம் என்று படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு மெழுகு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது.

முழுப் பலகையிலும் மெழுகைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பலகையில் பிறகு எந்தக் கிளியரும் நிற்காது.

11. மேல் நிறம்

எமல்ஷன் 3 பங்கு, சாக் பவுடர் 1 பங்கு. பவுடரை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு எமல்ஷனில் ஊற்றுங்கள். நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். சாக் பவுடர் எதற்கு? வெறும் எமல்ஷன் ரப்பர் மாதிரி இழுக்கும், தேய்த்தால் உருளும். பவுடர் சேர்ந்தால் பொடிப்பொடியாக உதிரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் போடலாம், ஆனால் அது டப்பாவிலேயே இறுகத் தொடங்கும். கால் மணி நேரத்தில் தீரும் அளவுக்குத்தான் கலக்க வேண்டும்.

இரண்டு கை. முதல் கை மரம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இருந்தால் பயப்படாதீர்கள். பிரஷ் கோடு இதில் குறையே அல்ல, பிறகு அழுக்கு பிடிக்க அதுதான் இடம் தரும்.

மேல் பூச்சில் விரிசல் வேண்டுமென்றால் இந்தப் படியில்தான். அடி நிறத்தின் மேல் ஃபெவிகாலைப் பிரஷால் பூசி, விரல் வைத்தால் ஒட்டி, விரலோடு வராத பதத்தில் மேல் நிறத்தை ஒரே இழுப்பில் அடியுங்கள். திரும்ப அதே இடத்தில் பிரஷ் போனால் விரிசல் குழைந்துவிடும். பசை தடித்தால் விரிசல் பெரிது, மெலிந்தால் பொடி. ஒரு கதவுப் பலகையோடு நிறுத்துங்கள். வெயில் படும் பலகையில்தான் பெயிண்ட் வெடிக்கும், உட்காரும் இடத்தில் தேயுமே தவிர வெடிக்காது.

12. தேய்ப்பது

எப்போது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு இரவு காய்ந்திருக்க வேண்டும், ஒரு வாரம் ஆகியிருக்கக் கூடாது. அடித்த அன்றே தேய்த்தால் பெயிண்ட் தோலாகக் கிழியும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிவிடும். பலம் கொடுத்துத் தேய்க்கும்போது தாள் எல்லா அடுக்கையும் ஒரேயடியாகத் தின்றுவிடும். ஓரத்தில் 220 தாளை வைத்து நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் தயார்.

முதலில் மெழுகு போட்ட இடங்களை மழுங்கின கத்தியால் அல்லது பட்டித் தகட்டால் சுரண்டுங்கள். உரிந்தது உரியட்டும், உரியாததை வற்புறுத்த வேண்டாம். சுரண்டியதும் அந்த இடங்களை டர்பன்டைன் துணியால் லேசாகத் துடைத்து மெழுகை எடுத்துவிடுங்கள்.

பிறகு குறித்த இடங்களில் 120 தாளை விரலில் மடித்து, மரம் தெரியும்வரை தேயுங்கள். அங்கிருந்து வெளிப்பக்கமாக 220. கடைசியில் முழுச் சாமானையும் 320 தாளால் வருடுங்கள். நடுவில் மரம், அதைச் சுற்றி அடி நிறம், அதைச் சுற்றி மெலிந்த மேல் நிறம், இந்த மூன்று வளையமும் தெரிந்தால் தேய்ப்பு சரி. மரத்திலிருந்து நேராக முழு வெள்ளைக்குத் தாவினால் 220 வேலை போதவில்லை என்று பொருள்.

தாளை நார் போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே போன கீறல் இப்போது தெரியாது. அழுக்கு ஏற்றும்போது கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். மெஷின் வேண்டாம். அது வட்டம் வட்டமாகத் தடம் விடும், விளிம்பில் ஒரு நொடியில் மரம் வரை போய்விடும்.

எவ்வளவு தேய்ப்பது என்பதற்கு அளவு சொல்ல முடியாது, ஒரு வழி சொல்லலாம். எங்கள் கொட்டகையில் தினமும் நடக்கிற பேச்சு இது:

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கட்டா?"

"வேண்டாம்ல. தாளைக் கீழ வச்சுட்டு வாசல் வரைக்கும் போய் நின்னு பாரு."

பையன் போய் நின்று பார்த்துவிட்டு, பெரும்பாலும் ஒன்றும் பேசாமல் தாளை எடுத்து வைத்துவிடுவான். முகத்துக்கு நேரே பார்க்கும்போது குறைவாகத் தெரிவது பத்தடி தள்ளி நின்றால் போதுமானதாக இருக்கும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அழுக்கு ஏறியதும் தேய்மானம் இன்னும் தூக்கலாகத் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரும்பு நாரால் தேய்க்கலாமா என்று கேட்பார்கள். தண்ணீர் கலந்த பூச்சின் மேல் வேண்டாம். முறிந்த துகள் உள்ளே நின்று துருப் புள்ளியாக வரும்.

13. அழுக்கு ஏற்றுவது

தூளை முழுக்கத் துடைத்து, மேட் கிளியர் ஒரு கை அடித்துக் காயவிடுங்கள். இதை விட்டுவிட்டால் சாக் கலந்த பெயிண்ட் அழுக்கு நிறத்தை உறிஞ்சித் திட்டுத் திட்டாகிவிடும், எடுக்கவும் முடியாது.

மேட் கிளியர் 4 பங்கு, தண்ணீர் 1 பங்கு, பர்ன்ட் அம்பர் ஸ்டெயினர் டீ நிறம் வரும்வரை. பழைய பிரஷால் மூலை, பள்ளம், கடைசல் இடுக்கு, அடித்த காயங்கள் எல்லாவற்றிலும் குத்திக் குத்தி ஏற்றி, உடனே ஈரத்துணியால் மேடான இடங்களைத் துடையுங்கள். பள்ளத்தில் நின்றது நிற்கட்டும். ஒரு முறைக்கு ஒரு பக்கம் மட்டும். முழுச் சாமானிலும் பூசிவிட்டுத் துணியைத் தேடினால் காய்ந்துவிடும்.

சிலர் பழுப்பு ஷூ பாலிஷ் போடுவார்கள். போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். உட்காருகிற வேட்டியில் ஒட்டும்.

14. கடைசிப் பூச்சு

மேட் கிளியர் இரண்டு கை. மேசை மேல்பலகைக்கு மூன்று. மினுங்கும் கிளியர் அடித்தால் இத்தனை நேரம் செய்தது பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். எண்ணெய் வார்னிஷும் எண்ணெய் பி.யு.வும் வெள்ளையின் மேல் நாளாக ஆக மஞ்சளாகும், அது வேண்டுமென்றே கேட்டால் தவிர அடிக்க வேண்டாம்.

கிளியர் ஓர் இடத்தில் மட்டும் கண் கண்ணாக விலகினால் அங்கே மெழுகு மிச்சம் இருக்கிறது. அடித்துக்கொண்டே போகாமல் காயவிட்டு, 320 தாளால் தேய்த்து, டர்பன்டைனால் துடைத்து, அரக்கு ஒரு கை தொட்டுவிட்டு மறுபடி கிளியர். மஞ்சள் கறை எழுந்தாலும் மருந்து அரக்குதான். அந்த இடத்தில் அரக்கு, அதன் மேல் மேல் நிறம், மீண்டும் தேய்ப்பு. அதிகமாகத் தேய்த்துவிட்ட இடத்துக்குப் பிரஷ் முனையில் மேல் நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் வருடினால் மெல்லிசாகப் படியும். முழுப் பிரஷ் பெயிண்டால் மூடினால் ஒட்டுப்போட்டது தெரியும்.

15. பூட்டுவதும் அனுப்புவதும்

பழைய கீலையே எண் பார்த்துப் பூட்டுங்கள். புது வெள்ளை ஸ்குரூ போட்டால் அது மட்டும் பல்லிளிக்கும். உப்பும் வினிகரும் கலந்து அதில் ஒரு ராத்திரி போட்டு, வெளியே எடுத்துக் காற்றில் விட்டால் இரும்பு ஸ்குரூ துருவேறும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, துளி எண்ணெய் தடவி மாட்டுங்கள். துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூவில் இது பலிக்காது.

தண்ணீர் கலந்த பூச்சு கையில் ஒட்டாவிட்டாலும் முழுக்க இறுக மூன்று நாலு வாரம் ஆகும். அதுவரை மேசை மேல் சூடான டீ கிளாஸும் ஈரப் பாத்திரமும் கூடாது என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். ஏற்றி அனுப்பும்போது பாலித்தீனை நேராகச் சுற்றாதீர்கள். புளியரை தாண்டிக் கோட்டைவாசல் ஏறும்போது வண்டியில் வெயில் அடித்தால் பாலித்தீன் பெயிண்டோடு ஒட்டி, பிரிக்கும்போது உரித்துக்கொண்டு வரும். பழைய பருத்திச் சேலையையோ போர்வையையோ முதலில் சுற்றி, மழைக்கு வேண்டுமானால் அதற்கு மேல் தார்ப்பாய். கயிறு போடும் இடத்தில் அட்டை வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் குறிக்காத இடத்தில் கயிறு தேய்த்துவிடும்.